நாற்பத்திரண்டு நாக்குச் சான்றிதழ்கள்

பவர்காரர் காரம் சாப்பிட மாட்டார். சூப்பில் மிளகுத்தூள் விழுந்த வாசனை வந்தாலே அவருக்கு விக்கல் எடுக்கும். எடுத்தால் லேசில் நிற்காது. மேல்வீட்டு நர்ஸம்மா இறங்கி வந்து, மூக்கைப் பொத்தி, முதுகில் நாலு வைத்து, தலைகீழாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, எல்லாரும் களைத்துப்போன பிறகு விக்கலும் சலித்துப்போய்த் தானாக நிற்கும். அவித்த உருளைக்கிழங்கு, பால், ரொட்டி என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவரைப் போலச் சாப்பிட்டே ஐம்பத்திரண்டு வயதுக்கு வந்துவிட்டார்.

அப்பேர்ப்பட்டவர்தான், தின்றவரைத் திணற அடிக்கும் பதினேழு வகை அபூர்வ மிளகாய்களின் காவலர். நாற்பத்திரண்டு வீடுகள் சேர்ந்த விதைக்கூட்டத்தின் நிறுவனர், தலைவர், தேவைப்பட்டால் நீதிபதி.

பிழைப்புக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை. ஜன்னலில்லாத அறை. எழுத்துப் பலகைக்கு எதிரே ஆளை உட்கார வைத்து, மூக்கின் மேல் கனத்த சோதனைப் பிரேமை ஏற்றி, வில்லையை மாற்றி மாற்றிச் செருகி, “இது தெளிவா, இல்ல இது தெளிவா? ஒண்ணா, ரெண்டா?” என்று கேட்பார். இருபத்தாறு வருஷமாக இதே கேள்வி. எல்லார் கண்ணுக்கும் பவர் எழுதித் தருவதால் பவர்காரர்.

பொய்யைப் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வரிசையில் நிற்கும்போதே கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வரும் லாரி டிரைவர்கள் உண்டு. எந்த வில்லையைப் போட்டாலும் “நல்லாத் தெரியுது சார்” என்று மரியாதைக்குத் தலையாட்டும் பெரியவர்கள் உண்டு. எல்லாரையும் பலகையைத் தலைகீழாக மாட்டிப் பிடித்துவிடுவார்.

“நான் கேக்கிறது அவன் கண்ணைப் பத்தி. பதில் சொல்றது அவனோட மானம்” என்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொல்வார்.

“ஆமாங்க” என்பார் மனைவி.

எதற்கும் “ஆமாங்க” என்று சொல்லும் ஒருவரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பலகையைத் திருப்பி மாட்ட வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கப்பல் சமையல்காரர் கடைக்கு வந்தார். மறுநாள் காலை கப்பல் ஏற வேண்டும்; கண்ணாடி உடைந்துவிட்டது. பவர்காரர் சாப்பிடக்கூடப் போகாமல் நின்று அன்றைக்கே செய்து கொடுத்தார். அந்த மனிதர் நன்றியில் கண்கலங்கி, பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். உள்ளே காய்ந்த ஒரே ஒரு மிளகாய்.

“ஒரு தீவுல, ஒரே ஒரு வீட்டுல இருந்துச்சு சார் இது. வீட்டுக்காரர் போயிட்டாரு, வீட்டையும் இடிச்சுட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு இதுதான் கடைசி. நீங்க செடியெல்லாம் வளக்கிறவரு, வச்சுக்கங்க. சமைக்க மட்டும் செஞ்சுராதீங்க. நான் ஒருதடவை சமைச்சேன், கேப்டன் என்னை நடுக்கடல்ல இறங்கச் சொல்லிட்டான்.”

உள்ளே பதினோரு விதைகள் இருந்தன. நான்கு முளைத்தன, ஒன்று பிழைத்தது. அது காய்த்த பழம் உருண்டையாய், நுனியில் ஒரு வாலும் பக்கத்தில் ஒரு மருவுமாக, பவர்காரருடைய சித்தப்பாவின் மூக்கை அப்படியே உரித்து வைத்திருந்தது. ‘சித்தப்பா மூக்கு’ என்று பெயர் வைக்க யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சித்தப்பாவுக்கு முதலில் கோபம். பிறகு நாற்பத்திரண்டு வீட்டில் தன் மூக்கு வளர்கிறது என்று தெரிந்ததும் போகிற இடமெல்லாம் முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொள்ளத் தொடங்கினார்.

பழம் பழுத்தாயிற்று; யார் தின்று பார்ப்பது? தலைவருக்கு விக்கல். மனைவிதான் தின்றார். கால்வாசியைக் கடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. சமையலறைச் சுவரில் உள்ளங்கையை ஊன்றி அப்படியே தரையில் உட்கார்ந்தார். கால்மணி நேரம் கழித்துப் பாலைக் காட்டிச் சைகை செய்தார். பவர்காரருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். உலகின் கடைசி மிளகாயைத் தின்றவர் இன்னும் கொஞ்சம் உணர்ச்சி காட்டியிருக்கலாம்.

அடுத்த வருஷம் அந்தக் குறை தீர்ந்தது. மனைவி குதித்தார். “ஐயோ அம்மா!” என்று கத்தினார். முந்தானையால் விசிறிக்கொண்டார், கண்ணிலிருந்து கொட்டியது. மூன்றாம் வருஷம் அதைவிட. காரம் ஆண்டுக்காண்டு ஏறுகிறது என்று பவர்காரர் தேதி போட்டுக் குறித்துக்கொண்டார்.

விதைக்கூட்டம் இப்படித்தான் பிறந்தது. விதை போட்டு அனுப்பக் கடையில் மீந்த வில்லைக் கவர்கள். சின்ன வெள்ளைக் கவர். மேலே ‘வலது கண்’, ‘இடது கண்’ என்று அச்சடித்திருக்கும். வலது கண்ணில் மிளகாயின் பெயர், இடது கண்ணில் வருஷம். கவருக்குப் பத்து விதை. விற்கக் கூடாது. பூ மலரும் முன்பே கொசுவலைத் துணியில் தைத்த பையை மாட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் தேனீ வேறு மிளகாயின் மகரந்தத்தைக் கொண்டுவந்து போட்டுச் சாதியைக் கெடுத்துவிடும். போன வருஷ விதையை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. வருஷா வருஷம் தலைவர் வீட்டுத் தாய்ச்செடியின் விதையையே வாங்கிப் போட வேண்டும். தூய்மை ஓரிடத்திலிருந்து வந்தால்தான் தூய்மை. அறுவடை முடிந்ததும் ‘நாக்குச் சான்றிதழ்’ ஒன்று எழுதி அனுப்ப வேண்டும்.

இந்த விதிகளை எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதியவர் ஸ்டாம்ப். தபாலாபீஸில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர், இருபது வருஷ நண்பர், கூட்டத்தின் செயலாளர். கவரில் ஸ்டாம்ப் ஒட்ட நாக்கை நீட்டிக்கொண்டே பேசும் பழக்கம் அவரை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மொட்டைமாடியில் தரிசனம். பார்க்க வந்தவர்களுக்காகப் பவர்காரர் பையை மெதுவாகத் தூக்கி, “அஞ்சு நிமிஷம்தான், நல்லாப் பாத்துக்கங்க” என்று பூவைக் காட்டுவார். நாலடி தள்ளி, பழைய குளியல் தொட்டியில், நர்ஸம்மா வைத்த குடைமிளகாய் செழித்து நிற்கும். அதை ஒரு மிளகாய் என்றே பவர்காரர் கணக்கில் எடுத்ததில்லை.

சான்றிதழ்கள் வந்து குவிந்தன. தலைமையாசிரியர் நாலு பக்கம் எழுதினார். அதில் மூன்று பக்கம் முன்னுரை. “ரெண்டு காதும் அடைச்சு, செத்துப்போன மாமனார் குரல் கேட்டுது” என்று தையல்காரர். பேக்கரி முதலாளி சுருக்கம்: “தின்றேன். உயில் எழுதினேன்.”

ஒன்றே ஒன்றுதான் முரணாக வந்தது. ஐந்தாம் வருஷம், பஸ் டிப்போ கேன்டீனில் சமைக்கும் பெண்மணியிடமிருந்து. டிரைவர்களும் கண்டக்டர்களும் அவரை டிப்போ அக்கா என்பார்கள். பழைய பயணச் சீட்டுக் கட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார்:

“சார், முன்ன நீங்க குடுத்தது நெருப்பு. இந்த வருசம் அனுப்பினது வெள்ளரிக்கா. கொழம்புல பன்னண்டு போட்டேன், மொளகா எங்கேன்னு கேக்கிறாங்க. அதனால பழைய வெதையிலேயே போட்டுக்கிட்டேன், பையும் மாட்டல. கோவிச்சுக்காதீங்க.”

பவர்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார். பை மாட்டாதது, பழைய விதையை வைத்துக்கொண்டது, தாய்ச்செடியை அவமதித்தது ஆகிய மூன்று குற்றங்களுக்காக டிப்போ அக்கா கூட்டத்திலிருந்து நீக்கப்பட்டார். தலைவரும் செயலாளரும் கையொப்பம் போட்டார்கள். “இந்த மாதிரி ஆளுங்களாலதான் அண்ணே நல்ல சாதி அழியுது” என்று ஸ்டாம்ப் உறையை நக்கி ஒட்டினார். அக்கா இடத்துக்கு ஒரு பல் டாக்டரைச் சேர்த்து நாற்பத்திரண்டை நிரப்பினார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் எல்லாம் தெளிவாக இருந்தது, ஒரு அணில் வரும்வரை.

சனிக்கிழமை சாயங்காலம். மாடிக் கைப்பிடிச் சுவரில் அணில் உட்கார்ந்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்தபடி ஒரு சித்தப்பா மூக்கு. பிஸ்கட் தின்பது போல நிதானமாகச் சுற்றிச் சுற்றிக் கொறித்தது. முடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, இறங்கிப் போய் இரண்டாவதைப் பறித்து வந்தது.

பவர்காரருடைய கையிலிருந்த பூவாளி நழுவியது. மிளகாய் வளர்ப்பவர் எல்லாருக்கும் தெரிந்த பால பாடம் அது: பறவைக்குக் காரம் தெரியாது, கிளி கூடை கூடையாகத் தின்னும். எலிக்கும் அணிலுக்கும் தெரியும். நம்மைப் போலவே தெரியும்.

கீழே இறங்கி வந்தார். மனைவி தேங்காய் நாரால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அணில் தின்னுது.”

“தின்னுட்டுப் போகட்டும். அதுக்கும் வயிறு இருக்குல்ல.”

“மிளகாயைத் தின்னுது. சித்தப்பா மூக்கை. ரெண்டு!”

“ஐயய்யோ, எரியுமே பாவம்.”

“எரியல. அதான் கேக்கிறேன். போன மாசம் நீ தின்னப்ப எரிஞ்சுதா?”

தேய்க்கிற சத்தம் நின்றது.

“ஆமாங்க.”

“திரும்பிப் பாத்துச் சொல்லு.”

அவர் திரும்பவில்லை. கையை உதறி, புடவையில் துடைத்துக்கொண்டார். “முதல் வருஷம் தின்னேன்ல. அது நிஜம். உயிர் போயிட்டு வந்துச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் வாயில போட்ட மாதிரி கைக்குள்ள வச்சுக்கிட்டேன்.”

“அழுதியே! கண்ணுல அப்படிக் கொட்டுச்சே!”

“வெங்காயம் நறுக்கின கையால கண்ணைத் தேச்சேன்.”

“ஏழு வருஷமாவா?”

“வருஷத்துக்கு ஒருநாள்தானேங்க. உங்களுக்கும் சந்தோஷமா இருந்துச்சு.” பிறகு, சற்றுக் குரல் ஏறி, “சந்தேகமா இருந்தா நீங்களே ஒண்ணு தின்னு பாத்திருக்கலாமே! உலகத்துக்கே விதை குடுக்கிறீங்க. என் நாக்குதான் கிடைச்சுதா?”

பவர்காரர் மாடிக்குப் போனார். ஐம்பத்திரண்டு வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு மிளகாயை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக் காத்திருந்தார்.

இனித்தது. கொஞ்சம் ஈரமாக, நர்ஸம்மாவின் குடைமிளகாய் மாதிரியே. மரு இருந்தது, வால் இருந்தது, நிறம் இருந்தது. வருஷா வருஷம் அழகான பழமாகப் பார்த்துப் பார்த்து விதையெடுத்ததில் மூக்கு மட்டும் பிசகாமல் வந்திருக்கிறது. சித்தப்பாதான் உள்ளே இல்லை.

அலமாரியிலிருந்த சான்றிதழ்க் கட்டை எடுத்து மறுபடி படித்தார். உயில், மாமனார் குரல், மூன்று பக்க முன்னுரை. நாற்பத்தொரு வீட்டில் நெருப்பாக எரிவது அவர் வீட்டில் மட்டும் எப்படி இனிக்கும்? கட்டின் அடியில், நீக்கப்பட்டவர்களின் கோப்பில், அந்தப் பயணச் சீட்டுக் காகிதம் கிடந்தது. தீவிலும் இல்லை, மாடியிலும் இல்லை. இனி உலகத்தில் அந்த மிளகாய் எங்காவது இருக்குமென்றால், அவர் கையெழுத்துப் போட்டு விலக்கி வைத்த இடத்தில்தான்.

மறுநாள் ஞாயிறு. “உடம்பு சரியில்லை, தரிசனம் கிடையாது” என்று வாசலில் அட்டை மாட்டிவிட்டு டிப்போவுக்குப் போனார்.

கேன்டீன், பணிமனைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. டீசல் வாசனையும் வெங்காயம் வதங்கும் வாசனையும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. டிப்போ அக்கா ஆளுயரப் பாத்திரத்தில் கரண்டியை விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார். பவர்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன சார், நீக்கினது பத்தலன்னு நேர்ல வந்து நீக்கப் போறீங்களா?”

“அந்தப் பழைய விதை... இருக்கா?”

அக்கா கரண்டியை வைத்தார். பின்பக்கம் கூட்டிப்போனார். கூரையோரம் மூன்று எண்ணெய் டின்களில் மூன்று செடி. பையும் இல்லை, வலையும் இல்லை. பழங்கள் சிறுத்து, கோணி, சித்தப்பா எங்கேயோ அடிவாங்கி வந்தது போல இருந்தன.

“பை மாட்டலயே” என்றார் பவர்காரர், பழக்க தோஷத்தில்.

“எதுக்கு? சுத்துவட்டாரத்துல வேற மிளகாச் செடியே கிடையாது. பூராவும் பஸ்சுதான். பஸ்சு வந்து மகரந்தம் போடுமா? தின்னு பாத்து, எது ரொம்பச் சுடுதோ அதுல விதை எடுப்பேன். நீங்க பை மாட்டிட்டு ஞாயித்துக்கிழமையானா தூக்கித் தூக்கிக் காட்டுவீங்களாமே? அஞ்சு நிமிஷமாமே? தேனீ என்ன டோக்கன் போட்டுட்டா வரும்?”

“இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னா?”

“ஸ்டாம்ப் சார்தான்.”

பவர்காரருக்கு டீசல் வாசனை திடீரென்று அதிகமானது.

“ஸ்டாம்ப் இங்க வருவாரா?”

“வருஷா வருஷம். விதை வாங்க. தலைமையாசிரியர் வருவாரு, பேக்கரிக்காரர் வருவாரு, தையல்காரரு. பத்துப் பதினஞ்சு பேரு. புதுசா ஒரு பல் டாக்டரு.” அக்கா அவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் நிதானித்தார். “உங்களுக்குத் தெரியாதா சார்? நீங்க குடுக்கிறது காரமில்லன்னு மூணு வருஷமா எல்லாருக்கும் தெரியுமே. நான்கூட ஸ்டாம்ப் சார்கிட்டக் கேட்டேன், போய்ச் சொல்லுங்களேன்னு. ‘அண்ணன் மனசு தாங்காது, நாங்க பாத்துக்கறோம்’னாரு.”

நன்றாகவே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ்களில் எரிந்தது நிஜ நெருப்பு. வேறு ஒருவருடைய நெருப்பு. அக்காவிடம் வராதவர்கள், வந்தவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

“எனக்கு ஒரு பத்து விதை வேணும்” என்றார் பவர்காரர்.

“தரேன். ஆனா இங்கயே ஒண்ணு தின்னுட்டுத்தான் கொண்டு போகணும். எல்லாருக்கும் அதேதான். தின்னவங்களுக்குத்தான் அது இன்னதுன்னு தெரியும்.”

“எனக்கு விக்கல்...”

“விக்கிக்கங்க.”

தின்றார்.

முதலில் ஒன்றுமில்லை. இதுவும் போச்சா என்று நினைத்தார். பிறகு அது வந்தது. நாக்கில் தொடங்கியது எங்கே முடிந்தது என்று சொல்ல வாயில்லை. கத்தத் தோன்றவில்லை, குதிக்கத் தோன்றவில்லை. அதற்கெல்லாம் உடம்பில் மிச்சம் ஏதாவது இருக்க வேண்டும். கை தானாகச் சுவரைத் தேடியது. வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்தார். விக்கல் வரத் துணியவில்லை.

“ஸ்டாம்ப் சாரும் அந்த மூட்டை மேலதான் உக்காந்தாரு” என்றார் அக்கா பாலைத் தயாராக வைத்துக்கொண்டு. “அரைமணி நேரம் பேச்சே இல்ல.”

அந்த அரைமணி நேர மௌனத்தில்தான் பவர்காரருக்கு எட்டு வருஷமும் விளங்கியது. முதல் வருஷம் மனைவி கத்தவே இல்லை. சுவரில் கையை ஊன்றிச் சும்மா உட்கார்ந்தார். அதை அவர் போதாது என்று நினைத்தார். அடுத்த வருஷத்திலிருந்து அவர் கேட்டது கிடைத்தது.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு ஸ்டாம்ப் மட்டும் வந்தார். வேறு யாரையும் பவர்காரர் கூப்பிடவில்லை.

“உடம்பு தேவலையா அண்ணே? போன வாரம் அட்டையைப் பாத்துட்டு எனக்கு ஒரு வேலையும் ஓடல.”

“இப்ப தேவல. வாங்க ஸ்டாம்ப். புதுப் பழம். நீங்கதான் முதல்ல.”

தாய்ச்செடியிலிருந்து அழகான ஒன்றைப் பறித்துக் கொடுத்தார். ஸ்டாம்ப் கடித்தார். உடனே, காரம் நாக்கைத் தொட்டிருக்கவே முடியாத வேகத்தில், “ஐயோ! அப்பப்பா! அண்ணே!” என்று மாடியை ஒரு சுற்றுச் சுற்றினார். துண்டால் விசிறினார். “இந்த வருஷம் கொலைகார மிளகா அண்ணே! இதுக்கு லைசன்ஸ் வாங்கணும்!”

பவர்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். நல்ல நடிப்பு. வெங்காயம் இல்லாமலே செய்கிறார். அந்த வகையில் மனைவியைவிட ஒரு படி மேல்.

“சரி. இப்ப இது.”

சட்டைப் பையிலிருந்து ஒரு வில்லைக் கவரை எடுத்துக் கவிழ்த்தார். உள்ளங்கையில் சிறுத்த, கோணிய ஒரு பழம் விழுந்தது. விசிறிய துண்டு நின்றது.

“இது... இது ஏது அண்ணே?”

“நம்ம செடியிலதான். நோஞ்சான். அதைத் தாங்கின உங்களுக்கு இது வெள்ளரிக்கா. தின்னுங்க.”

ஸ்டாம்ப் பழத்தைப் பார்த்தார். பவர்காரரைப் பார்த்தார். மாடிப்படியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருபது வருஷத்தில் முதல்முறையாக நாக்கு நீளவில்லை. பிறகு வேறு வழியில்லாமல் கடித்தார்.

சத்தமே இல்லை. ஒரு கை தண்ணீர்த் தொட்டியின் சுவரைப் பிடித்தது. மெல்ல உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தானாக வழிந்தது.

பவர்காரர் அவர் எதிரே குந்தி உட்கார்ந்து, முகத்துக்கு நேராகக் கேட்டார்: “எது தெளிவு ஸ்டாம்ப்? ஒண்ணா, ரெண்டா?”

ஸ்டாம்ப் இரண்டு விரலைக் காட்டினார்.

படியில் மனைவி பால் தம்ளரோடு நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை, மாடி அமைதியானதைக் கேட்டே வந்திருக்கிறார். பவர்காரர் தம்ளரை வாங்கி ஸ்டாம்பிடம் நீட்டினார். இருபது வருஷப் பழக்கத்துக்குப் பால் கொடுக்காமல் இருக்க முடியாது. பேச்சுக் கொடுக்காமல் இருக்க முடியும். ஸ்டாம்ப் குடித்து முடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்து, இரண்டு படிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார்.

பவர்காரர் அக்கா கொடுத்த பத்து விதைகளையும் கவரில் போட்டார். வலது கண்ணில் ‘சித்தப்பா மூக்கு’. இடது கண்ணில் வருஷம். அதன் கீழே, இதுவரை எந்தக் கவரிலும் எழுதாத ஒரு வரி: ‘கொடுத்தவர்: டிப்போ அக்கா.’ பிறகு தாய்ச்செடியை வேரோடு பிடுங்கிச் சுவரோரம் போட்டார். அணில் வந்து பார்த்துக்கொள்ளும்.

“அடுத்த வருஷம் இது காய்க்கும்” என்றார் மனைவியிடம், நிமிராமல். “ஒண்ணு தின்னு பாத்துச் சொல்றியா?”

“மாட்டேங்க” என்றார் மனைவி.

தெளிவான பதில். முப்பது வருஷத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் தெளிவான பதிலாகக்கூட இருக்கலாம். மனைவி தம்ளரை எடுத்துக்கொண்டு கீழே போனார். பவர்காரர் கையில் கவரோடு நின்றார். அப்படியானால் இதுவரை சொன்ன ஆமாங்க எல்லாம்? கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோது சொன்ன ஆமாங்க? இந்த வீடு பிடித்திருக்கிறதா என்றதற்கு? அன்றாடம் கடைக்கதை சொல்லி முடித்ததும் வந்துகொண்டிருந்த ஆமாங்க, ஆமாங்க?

அப்போதுதான் அவருக்கு விக்கல் எடுத்தது.